கால் நிறம் தெரியாத பறவை

எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்கக் கிளம்பினால் பஸ்ஸிலேயே அரை நாள் போய்விடும். ஆனாலும் கடற்கரைப் பறவைகளை அடையாளம் காண நான் கற்றுக்கொண்டது ஊரை விட்டு நகராமல்தான். கார்த்திகை மழையில் நிரம்பும் வேங்கிக்கால் ஏரி தை பிறந்ததும் ஓரத்திலிருந்து வற்ற ஆரம்பிக்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க வழவழப்பான சேறு வெளியே வரும். வடக்கே பனிப் பிரதேசத்திலிருந்து வரும் உள்ளான் பறவைகளுக்கு அது கடலா ஏரியா என்பது பெரிய விஷயமில்லை. சேறு இருக்க வேண்டும், சேற்றுக்குள் புழு இருக்க வேண்டும்.

ஏரிக்குக் கீழே அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல்லும் மணிலாக் கடலையும் மாறி மாறிப் போடுவார். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் ஜாஸ்தி. கடைசியில் கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டப் போய்விட்டான். பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள் கால் வைத்தது எங்கள் வீட்டில் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். உயரட்டும்.

நான் சின்ன வகுப்பில் இருந்தபோது திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிறகு எங்கள் பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ் வந்தது. அம்மா களை வெட்டிக்கொண்டே அந்தக் கட்டடத்தைக் கையால் காட்டி, "எம்பொண்ணு அதுக்குள்ள ஃபேனுக்குக் கீழ குந்தப் போறா" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்வாள். அவள் சொல்லிச் சொல்லி, நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அங்கே எனக்கு ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது.

கல்லூரியில் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. விலங்கியல் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் ஏதாவது ஒரு நீர்நிலையில் உள்ள உயிரினங்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள். மற்றவர்கள் தவளையையும் நத்தையையும் எழுதினார்கள். நான் ஏரியில் தெரிந்த பறவைகளை எழுதப் போய், கொக்கு, நாரை, ஆள்காட்டி வரைக்கும் எழுதிவிட்டு, சேற்றில் ஓடிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பறவைகளிடம் வந்து மாட்டிக்கொண்டேன். எல்லாம் ஒரே மண் நிறம். அப்பாவிடம் கேட்டால் உள்ளான் என்றார். எந்த உள்ளான் என்றதற்கு, "உள்ளான்னா உள்ளான்தாம்மா. அதுல இன்னா ஒண்ணு, ரெண்டு?" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. கண்ணெதிரே இருக்கும் ஒன்று எனக்குத் தெரியவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமங்களுக்கு வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போகும் சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. தூங்கும் பை, பூட்ஸ், டார்ச் லைட் எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு பைனாகுலர் தொங்கியது. ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. கடைக்காரர் நேர்மையானவர்.

"ஒரு கண்ணுலதான் தெரியும் பாப்பா. அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

"எனக்கு ஒரு கண்ணு போதுங்க."

பறவைப் புத்தகம் டவுனில் நூலகத்தில் இருந்தது. வெளியே கொடுக்க மாட்டார்கள்; அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பறவையோ ஏரியில். நடுவில் சைக்கிள் பாதை. காலையில் பார்த்த பறவையை மறக்காமல் மனத்தில் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே மிதித்துப் போய், புத்தகத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். போய்ப் பார்த்தால் புத்தகம் வேறு எதையோ கேட்கும். வால் ஓரம் வெள்ளையா? பறக்கும்போது இறக்கையில் கோடு உண்டா? எழும்பும்போது என்ன சத்தம் போட்டது? பார்க்காமல் வந்திருப்பேன். மறுநாள் அதற்கென்றே திரும்பவும் ஏரிக்குப் போவேன். அப்படிப் போய்ப் போய், எதைப் பார்க்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டது.

புத்தகம் பெரிதாக நம்பியது கால் நிறத்தை. பச்சைக்காலி, பவளக்காலி என்று பெயரே காலை வைத்துத்தான். ஆனால் எங்கள் ஏரியின் களிமண் பிசின் மாதிரி ஒட்டும். சேற்றில் நடக்கும் எந்தப் பறவைக்கும் முழங்கால் வரை கருப்பு. ஏரிக்குப் போன முதல் வருடம் நான் காலை நம்பி எல்லாவற்றையும் தப்பாக எழுதினேன். குறிப்பாகக் கொசு உள்ளான். குருவியளவே இருக்கும் இதில் எங்கள் ஏரிக்கு வருவது இரண்டு வகை. ஒன்றுக்குக் கருப்புக் கால், மற்றதற்கு மஞ்சள் கலந்த பச்சைக் கால். சேற்றில் இரண்டும் ஒன்றுதான். இரண்டாம் வருடம் நான் காலை விட்டுவிட்டேன். நடத்தையைப் பார்த்தேன். கருங்கால்காரன் கூட்டமாக, பரபரவென்று ஓடி ஓடிக் கொத்துவான். பச்சைக்கால்காரன் பெரும்பாலும் தனியாக, புல் ஓரத்தில் பதுங்கிப் பதுங்கி, அவசரமில்லாமல் மேய்வான். எழுப்பினால் கூட்டத்தோடு தாழப் பறக்க மாட்டான். நேராக மேலே ஏறி, சில்வண்டு கத்துவது போல் 'டிர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடுவான். வால் ஓரம் பளிச்சென்று வெள்ளை தெரியும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கால் எந்த நிறமாக இருந்தால் என்ன?

ஊர் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விடியற்காலையில் ஏரிக்குப் பறவைகள் மட்டும் வருவதில்லை. பாதி ஊர் காலைக்கடனுக்கு அங்கேதான் வரும். ஒரு நாள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"யோவ், உம்பொண்ண கொஞ்சம் கண்டிச்சு வையி. காலங்காத்தால ஏரியில குந்தினு இருக்கறவங்கள எல்லாம் பைனாகுலர் வச்சிப் பாக்குது."

"அவ உள்ளான பாக்குறாய்யா" என்றார் அப்பா.

"உள்ளான் இன்னாத்துக்கு நாங்க குந்துற பக்கமே வருது?"

"அந்த எடத்துலதான புழு ஜாஸ்தி. வரத்தான் செய்யும்."

அவர் திட்டிக்கொண்டே போனார். உள்ளே அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு, மானம் போகிறது என்றாள். மறுநாளிலிருந்து நான் ஆள் வராத கிழக்குக் கரைக்குப் போனேன். போனபிறகுதான் தெரிந்தது, காலை வெயில் முதுகுப் பக்கம் விழுந்தால் பறவை எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது. ஒரு வருடம் முழுக்க வெயிலுக்கு எதிராக நின்று கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்த வருடம், பட்டம் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மரக்காணம் பக்கம் கழிமுகத்திலும் உப்பளங்களிலும் வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்க ஓர் ஆள் தேவை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வேலை. இரண்டு நாள் களத்தில் சோதித்து எடுப்பார்கள். வீட்டில் சொன்னேன்.

"பறவைய எண்றதுக்கு ஒரு வேலையா?" என்றாள் அம்மா. "கலெக்டர் ஆபீஸ் பரீட்சைக்கு எப்படி படிக்கப் போற?"

"இது கெடச்சா அது வேணாம்மா."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கும்."

"கெடைக்கலன்னா இன்னாடி பண்ணுவ, அத சொல்லு."

அப்பா கஞ்சிக் குண்டானைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா கேக்குறதுல நியாயம் இருக்குதுல்ல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

கிடைக்காவிட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன், ஏரிப் பக்கம் போக மாட்டேன் என்று வார்த்தை கொடுத்தேன். பரீட்சை எழுதுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு குளிர்காலம் தனியாக நின்று கற்றுக்கொண்டதை ஒரு முறைகூட முயன்று பார்க்காமல் விட்டுவிடுவது எனக்கு முடியாது. கொடுத்த வார்த்தையை மீறுவதும் முடியாது. ஆகவே இருந்த வழி ஒன்றுதான்: அந்த வேலையை வாங்கிவிடுவது.

அண்ணன் வேனில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டான். "உப்பளத்துல இன்னா இருக்கப் போவுது, கருவாடுதான் காயும். வரும்போது வாங்கினு வா" என்றான். பஸ் கிளம்பும்போது மட்டும் ஜன்னல் பக்கம் வந்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. தெரிஞ்சா வுடாத" என்றான்.

புரட்டாசி முடிகிற சமயம். செஞ்சி, திண்டிவனம் தாண்டி மரக்காணம் போய்ச் சேர்ந்தேன். கணக்கெடுப்பை நடத்தியவர் நடுவயது மேடம் ஒருவர், அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். முதல் நாள் இரவு பயணக் களைப்பில் தூங்கிவிட்டு, காலையில்தான் போட்டிக்கு வந்திருந்த மற்ற ஆளைப் பார்த்தேன். கடலூர் பக்கம் கடற்கரைக் கிராமத்துப் பையன். கையில் இரண்டு கண்ணும் தெரியும் பைனாகுலர்.

"நீங்க எந்த ஊருங்க?"

"திருவண்ணாமலை."

"மலையா?" சிரித்தான். "அங்க ஏதுங்க கடல்?"

"ஏரி இருக்கு" என்றேன்.

அன்று முழுக்க என்னை மலைக்காரங்க என்றே கூப்பிட்டான். கெட்ட எண்ணம் இல்லை. அவனுக்குக் கடல் பறவைகள் உள்ளங்கை மாதிரி தெரிந்திருந்தன. நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்த மணல் உப்புக்கொத்திகளையும் வளைந்த மூக்குள்ள உள்ளான்களையும் அவன் தூரத்திலிருந்தே பிரித்துச் சொன்னான். அண்ணன் சொன்னபடி நான் இரண்டு இடத்தில் தெரியவில்லை என்றேன். மேடம் நோட்டில் குறித்துக்கொண்டு மேலே நடந்தார். மதியத்துக்குள் நான் பின்தங்கிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கழியோரம் அகலமாகச் சேறு விரிந்து கிடந்தது. கருங்கால் கொசு உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்துக்கு அப்பால், உமிரிச் செடி படர்ந்த மேட்டோரத்தில் ஒன்று மட்டும் தனியாக மேய்ந்தது. பதுங்கிப் பதுங்கி, அவசரமில்லாமல். எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் ஏரியின் புல் ஓரம் ஞாபகம் வந்துவிட்டது.

"மேடம், அது பச்சைக்கால் கொசு உள்ளான்."

அவன் பைனாகுலரில் பார்த்தான். "கால் கருப்புங்க. நல்லா தெரியுது."

"சேறுங்க அது."

"இந்த உப்புத் தண்ணிக்கு அது வராதுங்க. நான் கடலோரம் பொறந்து வளந்தவன், ஒண்ணுகூட பாத்ததில்ல."

மேடம் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செடிக்குப் பின்னால் போய்விட்டது. அவருக்கும் கால் கருப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. இன்னும் ஒரு பகுதி நடந்து முடிக்க வேண்டியிருந்ததால் அவரால் நிற்க முடியவில்லை. "நாளைக்குக் காலையில முதல் வேலையா இங்க வரலாம். காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் மேடம். அதே எடத்துல இருக்கும்."

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. எங்கள் ஏரியில் ஒரு சேற்றோரத்தைப் பிடித்த பறவை வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். தண்ணீர் தையில் இறங்க ஆரம்பித்தால் அடுத்த மழை வரை இறங்கிக்கொண்டேதான் போகும். நேற்று சேறாக இருந்த இடம் இன்றும் சேறு. நாளைக்குக் காய்ந்து வெடிக்கும். ஒருபோதும் தண்ணீராகத் திரும்பாது.

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு நாங்கள் மூவரும் போய் நின்றபோது அங்கே சேறே இல்லை. உமிரிச் செடியின் தலை வரை தண்ணீர் தளதளவென்று நின்றது. ஒரு மீன் துள்ளியது. நான் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தேன். இடம் சரிதான்.

கடலூர்ப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "மலைக்காரங்களே, தண்ணி ஏறும்னு தெரியாதாங்க?"

தெரியும். நிலா கடல் நீரை இழுப்பதைக் கல்லூரியில் படம் வரைந்து விளக்கி மதிப்பெண் வாங்கியவள் நான். அது படித்தது. நான் நின்று பழகிய கரையில் அது நடக்காது.

"வீட்டுக் கதவுக்குப் பின்னாடி தண்ணி ஏறி எறங்குற நேரம் ஒட்டி வெச்சிருக்கேனே, பாக்கலியா?" என்று மேடம் கேட்டார்.

"பாத்தேன் மேடம். படகுல போறவங்களுக்குன்னு நெனச்சிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மற்ற இடங்களைப் பார்த்து முடித்ததும் எண்ணிக்கையைக் கூட்ட உட்கார்ந்தோம். சோதனை அத்துடன் முடிந்தது. மதிய பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். முடிவைப் பிறகு சொல்வதாக ஏற்பாடு. அந்தப் பறவையை எங்கே எழுதுவது என்று கேள்வி வந்தது.

"அடையாளம் தெரியாததுன்னு போட்டுடுங்க" என்றான் அவன், இந்த முறை கிண்டல் இல்லாமல். "ஒரே ஒரு பறவைதான. அதுக்காக ஏங்க பிடிவாதம்? யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

உண்மையில் அது நல்ல யோசனை. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொன்னவள், இதிலும் விட்டுக்கொடுத்தால் அடக்கமான பெண் என்று பெயராவது மிஞ்சும். ஆனால் இது எனக்குத் தெரிந்த பறவை. தெரிந்ததைத் தெரியாது என்று எழுதிவிட்டு வாங்கும் வேலை எனக்கு எதற்கு?

"எனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கே" என்றேன். "மேடம், இன்னிக்குத் தண்ணி எப்ப எறங்கும்?"

"நேத்த விட கொஞ்சம் தாமதமா. மூணு மணிக்கு மேல."

"நான் இருந்து காட்டிட்டுப் போறேன்."

"பஸ்ஸ விட்டா ராத்திரிக்குள்ள ஊருக்குப் போக முடியாதே?"

"நாளைக்குப் போறேன்."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "காட்டிடுங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான். நான் கழியோரம் போய், சூரியன் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து, வெயில் முதுகில் விழும்படி ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் நின்ற நேரத்தில் பறவைகள் எங்கே போகின்றன என்பதைக் கவனித்தேன். உப்பளத்து வரப்புகளில் ஒற்றைக் காலில் வரிசையாகத் தூங்கின. பிறகு தண்ணீரின் ஓரத்தில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அந்தக் கோடு பட்டையானது. பட்டை சேறானது. எங்கள் ஏரியில் இரண்டு மாதம் எடுக்கும் வேலையைக் கடல் கண்ணெதிரே ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தது. வரப்பில் தூங்கிய பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்க ஆரம்பித்தன.

மேடம் தொலைநோக்கியோடு வந்து பக்கத்தில் நின்றபோது கருங்கால் கூட்டம் நிறைந்துவிட்டது. பச்சைக்காலைக் காணோம். நான் கூட்டத்தில் தேடவில்லை. மேட்டோரச் செடிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு செடியடியில் மண் நகர்வது போல் இருந்தது.

"மேடம், அந்த ரெண்டாவது செடி. வலப் பக்கம்."

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "கால் கருப்பாத்தான் இருக்கு."

"கால விடுங்க மேடம். எழும்பட்டும்."

"எழுப்புறதுக்காகக் கல்லு எறியக் கூடாது. தெரியும்ல?"

"எறிய மாட்டேன். காத்திருக்கலாம்."

காத்திருந்தோம். கொசு கடித்தது. தூரத்தில் சாயங்கால பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒருவேளை இருட்டும்வரை எதுவும் நடக்காவிட்டால் நாளை மூன்று மணிக்கு மேலும் இங்கேயே உட்கார்வது என்று முடிவு செய்துகொண்டேன். அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையில் எத்தனை நாள் என்று கணக்கு இல்லை.

வடக்குப் பக்கமிருந்து பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. கருங்கால் கூட்டம் மொத்தமாக எழும்பி, தண்ணீரை ஒட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. செடியடியில் இருந்தது மட்டும் அவற்றோடு போகவில்லை. நேராக மேலே ஏறியது. வால் ஓரத்தில் வெள்ளை பளிச்சிட்டது. தலைக்கு மேலே 'டிர்ர்ர்' என்ற சத்தம் ஒருமுறை கேட்டது, பிறகு இன்னொரு முறை, இன்னும் உயரத்தில்.

மேடம் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்ற பிறகும் பார்த்தார்.

"எழுதிக்கோ" என்றார். "ஒண்ணு."

எழுதினேன். திரும்பி நடக்கும்போது கேட்டார், "காலையில அந்தத் தண்ணியப் பாத்ததும் என்ன நெனச்ச?"

"எடம் பத்தி நான் சொன்னது தப்புன்னு நெனச்சேன் மேடம். பறவை பத்தி சொன்னது தப்புன்னு தோணல."

உப்பள வரப்பு முடிந்து தார் ரோடு வந்ததும் மேடம் நின்றார். "அந்தப் பையனுக்குக் கடல் பறவை உன்னவிட நல்லா தெரியும்."

"ஆமாங்க மேடம்."

"நீ கத்துக்கணும்."

"கத்துப்பேன்."

"அஞ்சாறு மாசம். தனியா நடக்கணும், சேத்துல எறங்கணும், பாதி நாள் இங்கதான் தங்கணும். வீட்டுல விடுவாங்களா?"

"விடுவாங்க" என்றேன். அதை நான் இன்னும் வீட்டில் கேட்டிருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் நான் இந்நேரம் செஞ்சி தாண்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மேடம் வீட்டுக்குள் போனதும் சேறு காய்ந்த காலோடு கடைத்தெருப் பக்கம் நடந்தேன். எதிரே வந்த ஒரு வயதான பெண்ணிடம், ஊருக்குப் போன் பேச எஸ்.டி.டி. பூத் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.